வேலை கடல் தாண்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நம் இடத்தில் உட்கார்ந்தபடியே வேலை செய்வது என்றாலே, "நல்ல நெட் இருந்தா போதும்ல?" என்று கேட்கிறவர்கள் அதிகம். போதாது. நான் டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்யும் மருத்துவ டிரான்ஸ்கிரிப்ஷனில் தொடங்கி, அப்புறம் இரவு ஷிஃப்ட் டெக் சப்போர்ட்டுக்கு மாறி, இப்போது வேறு நாட்டு மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை தரும் ஒரு குழுவின் அன்றாட நடப்பைக் கவனித்துக்கொள்கிறேன். மூன்றும் வேறு வேறு தொழில்தான், ஆனாலும் மூன்றிலும் கண்ட சங்கதி ஒன்றே. ஒரு சேவை முழுசாக ஒயர் வழியாகப் போவதில்லை. அந்தச் சேவையிலிருந்து யாரோ ஒருவர் ஒரு துண்டை வெட்டி எடுத்து, "இதை மட்டும் செய், இப்படிச் செய், இத்தனை மணிக்குள் கொடு" என்று எழுதி வைக்கிறாரே, அந்தத் துண்டுதான் போகிறது. எங்கே வெட்டுகிறோம், வெட்டிய இடத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

ஒயர் வந்த கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட டாட்-1 தொலைபேசிக் கேபிள் ஆரம்பத்தில் ஒரே சமயத்தில் 36 அழைப்புகளைத் தாங்கியது. 1988-ல் அதே கடலில் போட்ட டாட்-8 கண்ணாடி இழைக் கேபிள் ஏறத்தாழ 40,000 அழைப்புகளைத் தாங்கியது. ஆனாலும் அப்போதெல்லாம் பெரிய கைகளுக்குத்தான் இது கட்டுப்படியாகும். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க சிப் கம்பெனி பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியபோது, தலைமையகத்தோடு பேச தனியாக சாட்டிலைட் இணைப்பே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சின்ன ஆட்கள் உள்ளே வர முடிந்தது ஒரு விபத்தால் என்றுதான் சொல்வேன். 1990-களின் கடைசியில் கேபிள் கம்பெனிகள் கடன் வாங்கி, போட்டி போட்டுக்கொண்டு, தேவைக்கு மேல் கடலுக்குள் கேபிளை இறக்கின. டாட்காம் குமிழி உடைந்தது. 2002 ஜனவரியில் அந்தக் கேபிள் கம்பெனிகளில் ஒன்றான குளோபல் கிராசிங் திவால் மனு கொடுத்தது. கம்பெனி மூழ்கினாலும் கேபிள் அங்கேயேதான் கிடந்தது. அடிமாட்டு விலைக்கு அதை வாங்கியவர்கள் விலையைக் குறைத்து விற்க முடிந்தது. இந்தியாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல், டைகோ கம்பெனியின் உலகக் கேபிள் வலையை 2005-ல் வாங்கியது 13 கோடி டாலருக்கு. அதைக் கட்ட ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு. முதலீடு செய்தவர்கள் தலையில் துண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு வேலை.

சரி, டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு வருகிறேன், ஏனென்றால் "துண்டு" என்று நான் சொல்வது அங்கேதான் கண்கூடாகத் தெரியும். டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் போனிலோ ரெக்கார்டரிலோ பேசிவிட்டுப் போய்விடுவார். அந்த ஆடியோ ஃபைல் சர்வருக்கு வரும். அவர் தூங்கும் நேரத்தில் நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் செய்வோம். மேசைக்கு அடியில் ஒரு கால் பெடல் இருக்கும். மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும், பக்கவாட்டில் அழுத்தினால் பின்னால் போகும். கை கீபோர்டை விட்டு எழவே கூடாது என்பதற்காக. கூலி வரிக்கணக்கு. வரி என்றால் கண்ணுக்குத் தெரியும் வரி இல்லை, இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. அதனால் எல்லோரும் சுருக்கெழுத்து மாதிரி ஒரு பட்டியல் வைத்திருப்போம், மூன்று எழுத்து அடித்தால் முழு வாக்கியம் வந்து விழும். வேகமாக அடிப்பவர்களின் ரகசியம் விரலில் இல்லை, அந்தப் பட்டியலில்தான்.

இந்த வேலையின் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. கேட்காததை யூகிக்காதே. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா, ஹைப்போவா (குறைவு) ஹைப்பரா (அதிகம்) என்று தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆடியோவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து மேலே அனுப்ப வேண்டும். பின்னால் பேசும் மருந்தை வைத்து நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். பல சமயம் நம் கணக்கு சரியாகவே இருக்கும். அப்போதும் நிரப்பக் கூடாது, ஏனென்றால் டாக்டரே தப்பாகச் சொல்லியிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பை நாம் அடைத்துவிடுவோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காலி இடங்களை எண்ணி மதிப்பெண் குறைப்பார்கள். விளைவு என்ன? எல்லோரும் யூகிக்க ஆரம்பித்தார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் தரம் உயர்ந்திருந்தது, உண்மையில் என்ன நடந்தது என்று டைப் செய்தவர்களுக்குத் தெரியும். "தெரியவில்லை" என்று சொல்பவரைத் தண்டிக்கிற இடத்தில், தூரத்திலிருந்து செய்யும் எந்த வேலையையும் நம்ப முடியாது. புதிதாக ஆட்களை எடுக்கிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: காலி விட்டால் சம்பளம் குறையாது, யூகித்து மாட்டினால்தான் பேச்சு.

டெக் சப்போர்ட்டில் கற்றது கடிகாரப் பாடம். ஒரு குழு வேலை முடித்துக் கிளம்பும்போது வேறொரு கண்டத்தில் இன்னொரு குழு அதே வேலையை எடுத்துக்கொள்ளும், அப்படி 24 மணி நேரமும் ஓடும் என்று பிரசன்டேஷனில் அழகாக வட்டம் போட்டுக் காட்டுவார்கள். வட்டத்தில் கோடு சேரும் இடம்தான் கிழியும். கை மாற்றும்போது எழுதுகிற குறிப்பு இப்படி இருந்தால்: "பிரச்சினை தொடர்கிறது, தயவுசெய்து பார்க்கவும்" — வாங்கிக்கொண்டவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்க வேண்டும், அந்த ஆள் கத்துவார், கத்தாமல் என்ன செய்வார். நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "சர்வரை 14:20 யுடிசிக்கு ரீஸ்டார்ட் செய்தேன், பலனில்லை. லாக்கில் மெமரி நிரம்பியதாக வருகிறது. 18:00 யுடிசிக்குள் பதில் தருவதாக வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறேன். டேட்டாபேஸைத் தொட வேண்டாம், அவர்கள் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது." என்ன செய்து பார்த்தோம், என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எதைத் தொடக்கூடாது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெரிய சேதங்கள் நடப்பதும் அதனால்தான்.

யுடிசி, அதாவது எந்த நாட்டுக்கும் சாயாத உலகப் பொது நேரம், என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். ஐரோப்பாவில் அதே மாதம் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கணக்கும் ஒரு மணி நேரம் தவறும். திரும்பிப் போகும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு, ஆக அங்கே ஒரு வாரம். கடிகாரமே மாற்றாத நாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது, மீட்டிங்குக்குப் போனால் அறை காலியாக இருக்கும். அதனால் காலண்டரில் அழைப்பு அனுப்பும்போது மூன்றெழுத்துச் சுருக்கத்தை எழுதாமல் நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்டி என்றால் இந்தியாவுக்கும் அதுதான், இஸ்ரேலுக்கும் அதுதான், அயர்லாந்துக்கும் அதுதான். தேதியும் அப்படித்தான்: 03/04 என்பது ஒருவருக்கு மார்ச் 4, இன்னொருவருக்கு ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-04 என்று எழுதினால் சண்டையே இல்லை. ஜெர்மன்காரர் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரை என்று நினைத்துக்கொண்டு இன்வாய்ஸ் போட்டுவிடாதீர்கள்.

குரல் வழி வேலைக்கு வருகிறவர்கள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டுவார்கள், 200 எம்பிபிஎஸ் இருக்கிறது என்று. சாதாரண இணையத் தொலைபேசி அழைப்புக்கு 100 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு, கூட வேண்டாம். அங்கே உயிரை வாங்குவது தாமதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு நம் குரல் போய்ச் சேர 50 மில்லிசெகண்டு ஆகியே தீரும், யார் தலைகீழாக நின்றாலும் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகளும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 36,000 கிலோமீட்டர் உயரத்து சாட்டிலைட் வழியாகப் போனால் ஏறி இறங்கவே கால் நொடி. அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க சொல்லுங்க" என்று தடுமாறுவது.

தாமதம் ஓரளவுக்குள் சீராக இருந்தால் மனிதர்கள் எதையும் சமாளித்துவிடுவார்கள் என்பதற்கு 2001 செப்டம்பர் 7 சாட்சி. அன்று நியூயார்க்கில் இருந்த ஜாக் மாரெஸ்கோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ கைகள் மூலம் அகற்றினார். கை அசைத்து அந்த அசைவைத் திரையில் பார்ப்பதற்கு ஆன தாமதம் சுமார் 155 மில்லிசெகண்டு. அதற்கென்றே ஒதுக்கப்பட்ட லைன், நடுவில் வேறு யாருடைய டிராஃபிக்கும் இல்லை. நம் வீட்டு வைஃபையில் அந்தச் சீர் கிடையாது. தாமதம் ஒரு நொடி 20 மில்லிசெகண்டு, அடுத்த நொடி 300 என்று குதிக்கும், குரல் உடைந்து போகும். நூறு பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்கிறேன்: ஹெட்செட்டுக்குக் காசு கொட்டுவதற்கு முன்னால் ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். பேசும்போது எண்களை மூன்று மூன்றாகச் சொல்லி, திரும்பச் சொல்ல வைத்துக் கேளுங்கள். எதிராளி முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள், மந்தமான ஆள் என்று அவர் நினைக்க மாட்டார், மரியாதையான ஆள் என்றுதான் நினைப்பார்.

கேபிள் அறுந்தால்? அறும். 2006 டிசம்பரில் தைவான் அருகே நிலநடுக்கம் பல கேபிள்களை ஒரே வீச்சில் அறுத்தது. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ-4, ஃப்ளாக் என்ற கடல் கேபிள்கள் இரண்டும் சில மணி நேர இடைவெளியில் அறுந்து, மத்தியக் கிழக்கும் தெற்காசியாவும் தவித்தன. 2022-ல் எரிமலை வெடிப்பில் அறுந்த டோங்கா நாட்டின் கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. இரண்டு கம்பெனியிடம் இணைப்பு வாங்கியிருக்கிறோம், பயமில்லை என்று சொல்கிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே கடல் கேபிளில் இடம் வாங்கியிருந்தால் அந்தக் காசு வீண். ஒப்பந்தம் போடும்போதே "உங்கள் டிராஃபிக் எந்தக் கேபிளில், எந்தத் திசையில் போகிறது?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்றால் உத்தமம். விற்பனையாளருக்குத் தெரியாது, பொறியாளரிடம் போனைக் கொடுங்கள் என்று விடாப்பிடியாக நிற்க வேண்டும்.

இப்போது செய்யும் ஸ்கேன் வேலையில்தான் "எல்லாம் ஒயரில் போய்விடும்" என்ற நினைப்பு முழுசாக அடிபட்டது. படம் தாராளமாகப் போகிறது. சிடி ஸ்கேனில் ஒரு துண்டுப் படம் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட், ஆக அரை எம்பி. ஆயிரம் துண்டு என்றால் 500 எம்பி. அனுப்புகிற மருத்துவமனையின் அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) என்றால் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவசர கேஸில் அதுவே அதிகம் என்பதால், முக்கியமான வரிசையை முதலில் அனுப்பு, மீதி பின்னால் வரட்டும் என்று அங்கே இருப்பவரிடம் பேசி வைத்திருக்கிறோம். பழைய ஸ்கேன்களை முன்கூட்டியே இறக்கி வைப்பதும் அப்படித்தான். டைகாம் என்ற பொதுத் தரம் இருப்பதால் எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்த படமும் எங்கள் திரையில் திறக்கும். இந்தத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது.

போகாதது கையெழுத்து. நோயாளி எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே உரிமம் உள்ள டாக்டர்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியும் என்பது பல இடங்களில் விதி. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர், நாட்டுக்கு வெளியே செய்த சேவைக்குப் பொதுவாகப் பணம் தராது. அதனால் இரவில் கடல் தாண்டிப் போவது முதற்கட்ட அறிக்கை. காலையில் அங்கே இருப்பவர் பார்த்து இறுதி அறிக்கை தருவார். 1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. ஆள் நகராமல் சேவை மட்டும் நகர்வது அதில் முதல் வகை. ஒப்பந்தம் வகை பிரித்துக் கொடுத்தாலும், உரிமம் கொடுப்பது இன்னமும் அந்தந்த ஊர் மருத்துவ கவுன்சில்தான். ஒயர் போட்டவுடன் இதுவும் தானாக மாறிவிடும் என்று எதிர்பார்த்துத் தொழில் தொடங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அதே போல, மூளையில் ரத்தக் கசிவு மாதிரி ஒன்று தெரிந்தால் அறிக்கை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. உடனே போன். எடுத்தவர் பெயர், பொறுப்பு, நேரம், நாங்கள் சொன்னதை அவர் திரும்பச் சொன்னாரா, இத்தனையும் பதிவாகும். ஈமெயில் அனுப்பிவிட்டோம் என்பது இங்கே பதிலே கிடையாது. அனுப்புவது வேறு, போய்ச் சேர்வது வேறு.

தகவல் பாதுகாப்பில் பலர் ஏமாறும் ஓர் இடம். "டேட்டா அவர்கள் நாட்டு சர்வரிலேயே இருக்கிறது, நாங்கள் திரையில் பார்க்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள். 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து திரையில் திறந்து பார்ப்பதும் தரவை அங்கே அனுப்புவதாகவே கணக்கு. அதற்கு உரிய ஒப்பந்த ஷரத்தோ அதுபோன்ற சட்ட ஏற்பாடோ வேண்டும். என் அனுபவத்தில் ஆகச்சிறந்த பாதுகாப்பு, வேண்டாததை வாங்காமல் இருப்பது. பெயரும் முகவரியும் இல்லாமல் வேலை நடக்கும் என்றால் அவற்றை நீக்கி அனுப்பச் சொல்லுங்கள். காப்பி பேஸ்ட் தடை, யுஎஸ்பி தடை, போனை லாக்கரில் வை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பணம் பற்றி இரண்டே வரி. ஸ்விஃப்ட் பணத்தை அனுப்புவதில்லை, வங்கிகளுக்கிடையே செய்தி மட்டும்தான் அனுப்புகிறது. நடுவில் நிற்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தள்ளும். வங்கிக் கட்டணம் யார் தலையில் என்பதை இன்வாய்ஸிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தொகை வரும்.

டிரான்ஸ்கிரிப்ஷன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் டைப் செய்யும் வேலை திருத்தும் வேலையாக மாறியது, வரிக்கூலியும் குறைந்தது. எழுதி வைக்க முடிந்த துண்டு கடல் தாண்டியது போலவே மெஷினுக்கும் தாண்டியது, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் எழுத்துப் பிழை விடாது, அதுதான் ஆபத்து. "இல்லை" என்ற ஒரே சொல்லை முழுங்கிவிட்டு மீதியை அட்சர சுத்தமாக எழுதும், கண்ணால் மட்டும் படிக்கிறவருக்கு ஒன்றும் உறுத்தாது. ஆடியோவை முழுவதும் கேட்டுத் திருத்துகிறவர் பிடிப்பார், அவசரத்தில் படித்து மட்டும் அனுப்புகிறவர் பிடிக்க மாட்டார். என்னோடு டைப் செய்தவர்களில் தாக்குப்பிடித்தவர்கள் வேகக்காரர்கள் இல்லை. இந்த டாக்டர் இந்த மருந்தை இந்த அளவில் ஒருநாளும் சொன்னதில்லையே என்று நின்று யோசித்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது தர ஆய்வில், சிலர் நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் மருத்துவக் கோடிங்கில்.

இப்போது புது ஒப்பந்தம் வந்தால் விலைப் பேச்சுக்கு முன் நான் கேட்பது ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்த வழிமுறையில் இல்லாத ஒன்று உங்கள் ஊர் நேரப்படி இரவு 2 மணிக்கு வந்தால், போனை எடுத்து முடிவு சொல்லப்போகிறவர் யார்? பெயரும் எண்ணும் வேண்டும், அவர் லீவில் போனால் அடுத்தவர் பெயரும் வேண்டும். "சப்போர்ட் ஐடிக்கு மெயில் போடுங்க" என்று பதில் வந்தால், விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வேலையை எடுப்பதில்லை.